இல்லாத கதைக்கு ஆறு சாற்றுகவி

என் முதல் புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். அதில் முதல் இருபத்தெட்டுப் பக்கம் நான் எழுதியதல்ல. என்னைப் புகழ்ந்து மற்றவர்கள் எழுதிய செய்யுள்கள். சாற்றுகவி என்று அதற்குப் பெயர். இப்போது எழுத வருகிறவர்களுக்கு அந்த வழக்கமே தெரியாது. தெரியாமல் இருப்பது அவர்கள் செய்த புண்ணியம். அந்தக் காலத்தில் ஒருவன் புத்தகம் போட்டால், அவனுக்குத் தெரிந்த புலவர், தெரிந்த வாத்தியார், பாட்டுக் கட்டத் தெரிந்த நகைக்கடைக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு செய்யுள் எழுதித் தருவார்கள். இந்நூலின் பெருமை சொல்லுக்கு அடங்குமோ என்று அது ஆரம்பிக்கும். எழுதுகிறவர் நூலைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் புத்தகத்தை யாராவது கையில் எடுத்துக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். தலைக்கனம் பிடித்தவன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

பினாங்கில் மார்க்கெட் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் அச்சகம் இருந்தது. கீழே எந்திரமும் எழுத்துப் பெட்டிகளும். மரப்படி ஏறினால் மேலே நீளமான ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் சங்கம் அங்கே கூடும். தமிழ் வளர்ப்பதற்காகக் கூடுகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். கோர்ட்டில் மொழிபெயர்க்கும் துபாஷி ஒருவர் தலைவர். இரண்டு பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், ஒரு நகைக்கடைக்காரர், இன்னும் பத்துப் பதினைந்து பேர். நான் துறைமுகத்துக் கிடங்கில் மூட்டைகளின் மேல் தூரிகையால் ஊர்ப்பெயர் எழுதுகிறவன். “நம்ம சங்கத்திலேயே ஆயிரம் பிரதி போகும் எழுத்தாளர் இவர் ஒருத்தர்தான், எல்லாம் சாக்குமேலே” என்று தலைவர் வேடிக்கையாகச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், அதுதான் வெட்கக்கேடு.

அவரவர் எழுதியதை அவரவரே வாசிப்போம். குரலை ஏற்றி, இறக்கி, அழவேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமி வாசிப்போம். முடித்ததும் பேஷ், பேஷ் என்பார்கள். கோப்பி வரும். ஒருவர்கூட ஒருநாளும், இந்த வரி சரியில்லை என்று சொன்னதில்லை. இந்த வாரம் நான் அவரைப் புகழ்ந்தால் அடுத்த வாரம் அவர் என்னைப் புகழவேண்டும். கல்யாண வீட்டு மொய் மாதிரி போட்டதைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தோம். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆறு நாள் கங்காணிகளின் ஏச்சைக் கேட்கிறவனுக்கு ஏழாம் நாள் யாராவது பேஷ் என்றால் கசக்குமா?

கீழே எழுத்துக் கோக்கிறவன் ஒருவன் இருந்தான். என் வயதுதான். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். எங்கள் சங்கம் அச்சடித்த ஒவ்வொரு வரியையும் எழுத்தெழுத்தாகக் கையால் பொறுக்கிச் சேர்த்தவன் அவன். அதனால் எங்கள் எல்லாரையும் முழுக்கப் படித்த ஒரே ஆளும் அவன்தான். அவனை ஒருநாளும் மேலே கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. திருத்தவேண்டிய தாள்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பான், இறங்கிப் போவான்.

இனி அக்கா. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு பினாங்கில் நான் குடியிருந்த ஜெலுத்தோங்குக்கே வந்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதுவதைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயமும் இருந்ததில்லை. விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் வீணாகிறது என்பதைத் தவிர.

ஒருநாள் நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்ததும் ஒன்றரை வயதில் இறந்ததும் எனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னாள். விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போயிருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறது என்று ஆயா ஆள் அனுப்பினாள். உன் நிரை மரங்களை வெட்டி முடித்து, பாலை நிறுத்துப் போட்டுவிட்டுப் போ என்றான் கங்காணி. முடித்தாள். இரண்டு வாளிப் பாலோடு நிறுவைக் கொட்டகை வரிசையில் நின்றபோது, பிள்ளை போய்விட்டது என்று வந்து சொன்னார்கள். அன்று சாயந்தரம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் புதைத்தார்கள். மறுவருஷம் தோட்டம் அந்த இடத்தில் கன்று நட்டுவிட்டது.

“இப்ப அங்க மரம் நிக்குது. யாரோ வெட்டுறாங்க. பிள்ளை பேரு எங்கயும் இல்ல” என்றாள். “நீ எழுது. எழுதி அச்சுல போடு. பேரை மட்டும் மாத்தாத.”

அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். வாழ்நாளில் அவள் என்னிடம் கேட்டதும் அது ஒன்றுதான்.

எழுதினேன். சும்மா எழுதவில்லை, சங்கத்துக்காக எழுதினேன். என் கதையில் அந்தத் தாய் செய்தி கேட்டதும் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியின் காலில் விழுந்து, செந்தமிழில் ஒரு முழுப் பக்கம் புலம்பினாள். மேலே வாசித்தபோது வாத்தியார் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். தலைவர் எழுந்து என் தோளைத் தொட்டு, “இதைப் புத்தகமாகப் போடவேண்டும்” என்றார். அந்த வாரமே சாற்றுகவிகள் வரத் தொடங்கின. அவற்றில் ஆறு, இந்த ஒரு கதையைப் பற்றியே.

கையெழுத்துப் பிரதியைக் கீழே கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது எழுத்துக் கோக்கிறவன் பாதியில் நிறுத்தி வைத்திருந்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? இந்த அம்மா மொத நாலு பக்கத்துல ஒரு வார்த்தை பேசாம வேலை செய்யுறாங்க. ஒம்பதாம் பக்கத்துல கிராணி காலைப் பிடிச்சிட்டுப் பாட்டு மாதிரி அழுவுறாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளா?”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “உன் வேலை எழுத்துக் கோக்கிறது. அதைப் பாரு” என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு விளம்பர நோட்டீஸ் ஒன்றைக் கோக்கப் போய்விட்டான். டிராமில் வீடு திரும்பும்வரை அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு நீ ரொம்ப அழுதாயா என்று.

“எங்கடா அழுதேன்? அழ எங்க விட்டானுங்க” என்றாள். “வாளியக் கவுத்தேன். ரெண்டையும். கிராணி கால் சப்பாத்துல எல்லாம் பாலு.”

இதை அவள் முதலில் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அந்த இரண்டு வாளி இல்லாமல் அது என்ன கதை? அவன் கேட்டிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. புலம்பலை எல்லாம் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அக்கா பேசியதை அவள் பேச்சிலேயே எழுதினேன். கடைசி வரியில் பிள்ளையின் பெயர். கொண்டுபோய்க் கொடுத்து, இது என் அக்காவின் கதை என்பதையும் அவனிடம் சொன்னேன். அவன் நின்றபடியே முழுக்கப் படித்தான். “இப்ப சரியா இருக்கு” என்றான். உடனே கோக்க ஆரம்பித்துவிட்டான். இருபத்தெட்டுப் பக்கப் புகழ்ச்சியில் எனக்குக் கிடைக்காத நிறைவு அந்த மூன்று சொல்லில் கிடைத்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

வரவில்லை. எல்லாம் கோத்து முடிந்து அச்சுக்குப் போகும் சமயம் அச்சக முதலாளி மேலே வந்தார். காகிதம் அறுபத்து நான்கு பக்கத்துக்குத்தான் காணும், புத்தகம் எழுபத்து நான்கு வருகிறது, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தால் அரங்கேற்ற நாள் தாண்டிவிடும் என்றார். அழைப்பிதழ்கள் ஏற்கெனவே போய்விட்டன. “எதையாவது பத்துப் பக்கம் எடுத்துக் கொடுத்திடுங்கலா, நான் முடிச்சிடுறேன்” என்றார்.

 வாத்தியார்கள் தங்கள் நகத்தைப் பார்த்தார்கள். நகைக்கடைக்காரர் விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். தலைவர்தான் பேசினார்.

“சாற்றுகவியில கை வைக்கிறது மரியாதையில்லை. யாரை வைக்கிறது, யாரை எடுக்கிறது? அந்தத் தோட்டத்துக் கதை சரியா பத்துப் பக்கம் வருது. திருத்தின பிறகு கொஞ்சம் கொச்சையாவும் ஆயிடுச்சு. இரண்டாம் பதிப்பில சேர்த்துக்கலாம். ஆசிரியரே சொல்லட்டும், நாம கட்டாயப்படுத்த வேண்டாம்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இத்தனை வருஷமாக அந்தச் சங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டுவதில் ஒரு பாதி, இந்த இடத்தை யாரும் கேட்காமல் இருப்பதற்காகத்தான். அவர்கள் எடுக்கவில்லை. என்னைக் கேட்டார்கள். துபாஷியின் செய்யுள் இல்லாத புத்தகத்தைப் பினாங்கில் எவன் மதிப்பான் என்று நினைத்தேன். “சரிங்க ஐயா, எடுத்துடலாம்” என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அந்த அறையின் தரை வெறும் பலகை. மேலே பேசுவது கீழே கேட்கும். நான் இறங்கியபோது அவன் கையில் இருந்த மையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிக்கிறேன்.”

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

கதையை எடுத்தார்களே, அதைப் புகழ்ந்த அந்த ஆறு செய்யுளையாவது எடுக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. எடுக்காவிட்டாலும் கதையைச் சொல்லும் வரியையாவது மாற்றலாமே என்று தலைவரிடம் மெல்லச் சொல்லியும் பார்த்தேன். வரியை மாற்றினால் தளை தட்டும் என்றார். அவ்வளவுதான், புத்தகம் அப்படியே வெளிவந்தது. இல்லாத கதைக்கு ஆறு பேர் உருகியிருந்தார்கள். அதிலும், நான் அடித்துவிட்ட பழைய கதைக்கு.

அரங்கேற்றம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். மாலை, பன்னீர், சந்தனம் எல்லாம் உண்டு. அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் தம் செய்யுளை ராகம் போட்டுப் பாடினார். கிராணியின் காலைக் கண்ணீரால் கழுவிய அந்த ஏழைத் தாயைப் போல உண்டோ என்று பாடினார். கூட்டம் தலையாட்டியது. நான் அக்காவின் பக்கம் பார்க்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“யாருடா அவ, கால்ல வுழுந்தவ?”

“அது பாட்டுக்காகச் சொல்றது அக்கா. கதையில சரியா இருக்கு.”

“அப்ப வாசி.”

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் புத்தகத்தைத் திறந்தேன். நாலைந்து பக்கம் ஓடும் தலைவருடைய செய்யுள் தொடங்கும் பக்கம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, மனப்பாடமாகத் தெரிந்த கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். நடுவில் இரண்டு மூன்று தடவை பக்கத்தைத் திருப்பினேன், திருப்பவேண்டுமே. வாளியைக் கவிழ்த்த இடத்தில் அக்கா ஆமாம் என்பதுபோல ஒருமுறை தலையசைத்தாள். கடைசியில் பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

“அது எங்க இருக்கு, காட்டு. வெரலை வை.”

வைத்தேன். செய்யுள் முடிந்த பக்கத்தின் அடியில் தனியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அதன்மேல் வைத்தேன். அக்கா என் விரலை எடுத்துவிட்டுத் தன் விரலை வைத்தாள். பிறகு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையெழுத்துப் பிரதியை அவளிடம் காட்டியிருக்கலாம், உண்மையைச் சொல்லியிருக்கலாம், எழுந்து வெளியே போயிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை.

எழுத்துக் கோத்த தம்பிக்கு ஒரு வேளை சோறு போடவேண்டும், கூட்டிக்கொண்டு வா என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். நான் சாக்குச் சொல்லிக் கடத்தினேன். அவள் விடுவதாக இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் வந்தான். மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள். நடுவில் ஒரு நூல்துண்டை அடையாளம் வைத்திருந்தாள். பிரித்து அவனிடம் நீட்டினாள்.

“பார் தம்பி, நீ கோத்ததுதானே. இதான் எம்பிள்ளை பேரு.”

அந்தப் பெயரின் மேல் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் பேசுவதற்கு இடம் கொடுத்தான். அதை நான் நன்றாகவே உணர்ந்தேன். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அக்கா, இது பிள்ளை பேரு இல்ல” என்றான்.

“பின்ன?”

“அன்னைக்கு நடு நாற்காலியில மாலையோட உக்காந்திருந்தாரே, பாடினாரே, அவரு பேரு. உங்க கதை இந்தப் புத்தகத்துல இல்லக்கா. எடுத்துட்டாங்க.”

“யாரு எடுத்தது?”

 “நான்தான்” என்றேன்.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். குனிந்து என் இலையைச் சோற்றோடு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அன்றுமுதல் என்னோடு பேச்சு இல்லை.

மறுநாள் வேலைக்குக்கூடப் போகாமல் கோர்ட்டு வாசலில் நின்று தலைவரைப் பிடித்தேன். நீங்கள் புகழ்ந்த கதை புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நினைவு வந்து சிரித்தார். “அடடே, அதைத்தான் எடுத்துட்டோமே. விடுங்க, புத்தகம் வந்து இத்தனை நாள் ஆச்சு, ஒருத்தர்கூட கேட்கலையே” என்றார். என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துச் சொன்னார். உண்மைதான், யாரும் கேட்கவில்லை. ஊரெல்லாம் பாராட்டிய புத்தகத்தில் ஒரு கதை காணாமல் போனதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியைத் தவிர யாரும் தேடவே இல்லை. அதன் பிறகு நான் அந்த மரப்படி ஏறியதில்லை.

அடுத்த ஞாயிறு எழுத்துக் கோக்கிறவன் தானாகவே வந்தான். கையில் காகிதச் சுருள். எடுக்கச் சொன்ன அந்தப் பத்துப் பக்கத்தை அவன் கலைக்கவில்லையாம். எழுத்துகளைப் பெட்டியில் திருப்பிப் போடாமல், கோத்தபடியே கயிற்றால் கட்டிப் பலகைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறான். முதலாளி இல்லாத நேரத்தில், நாடக நோட்டீஸ் அடித்து மிஞ்சிய ரோஜா நிறத் துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு பிரதி ஓட்டி, ஓரத்தை ஊசி நூலால் தைத்துக் கொண்டுவந்திருந்தான்.

அக்கா அதை வாங்கினாள். என்னிடம் காட்டவில்லை. “எங்க?” என்று அவனைக் கேட்டாள். அவன் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் அவள் விரலைக் கொண்டுபோய் வைத்தான். அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. ஒரு தடவை ஏமாந்தவள். அலமாரிக்குப் போய் என் புத்தகத்தை எடுத்து வந்தாள். குங்குமம் வைத்த பக்கத்தைப் பிரித்து, ரோஜா நிறக் காகிதத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். இந்தப் பெயரையும் அந்தப் பெயரையும் மாறிமாறி வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு வாரத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“ரெண்டும் ஒண்ணாவா இருக்கு?”

“இல்லக்கா.”

“ம்” என்றாள். காகிதத்தை அவனிடம் கொடுத்தாள். “நீ படி தம்பி.” நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “நீ வாயத் தொறக்காத. இனிமே நீ எதை எழுதினாலும் இந்தத் தம்பிதான் படிக்கணும். நீ சும்மா உக்காந்து கேளு. பொய்யா இருந்தா நான் சொல்றேன்.”

அவன் படித்தான். அன்றுமுதல் ஞாயிறுதோறும் படித்தான். எங்கள் அடுப்படியில் மூன்று பேராக ஆரம்பித்தது. பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரு தையற்காரர் வந்தார், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கிறிஸ்துவப் பெண் ஒருத்தி வந்தாள், பத்துப் பன்னிரண்டு பேர் ஆனோம். யாரும் தாம் எழுதியதைத் தாமே படிக்கக் கூடாது, படிக்கும்போது வாய் திறக்கவும் கூடாது. புகழ்ந்து ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தவர்களை அக்கா வாசலோடு அனுப்பினாள். இங்கே வந்துபோன பலர், எழுதியவன் குரல் எழுத்தின் ஓட்டையை மறைத்துவிடும், அதற்காக ஏற்படுத்திய அருமையான இலக்கியக் கொள்கை இது என்று மேடைகளில் பேசுகிறார்கள். கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது. கொள்கையாவது மண்ணாவது. அது என் அக்கா எனக்குக் கொடுத்த தண்டனை. அவள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் எழுதியதை இன்னும் ஒருநாளும் என் வாயால் படித்ததில்லை.